வரி ஏய்ப்பு: ஏமாந்தது யார் என்றும் கேட்கும் சொல்

போன மாதம் டைல்ஸ் வாங்கப் போனேன். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே, "பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் சேரும் சார், எஸ்டிமேட்லயே எடுத்துக்கங்களேன்" என்றார். அந்தத் தாளில் தேதி, பெட்டிக் கணக்கு, மொத்தத் தொகை எல்லாம் இருந்தன. கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும்தான் இல்லை. அப்படி விற்றதைக் கணக்கில் காட்டாமல் விட்டால் அதுதான் வரி ஏய்ப்பு.

ஏய்த்தல் என்றால் ஏமாற்றுதல். "ஊரை ஏய்த்துப் பிழைக்கிறான்" என்று இன்றும் சொல்கிறோம். பழந்தமிழில் ஏய்த்தலுக்கு ஒத்திருத்தல் என்ற பொருளும் உண்டு. தொல்காப்பியம் உவம உருபுகளை அடுக்கும்போது 'அன்ன' என்பதற்கு அடுத்ததே 'ஏய்ப்ப'தான். பொய்யை மெய்போலக் காட்டுவதுதானே ஏமாற்று, அதனால் 'போல்' என்பதிலிருந்து 'போலி' வந்ததைப் போல இந்த இரண்டு பொருளையும் சேர்த்தே வாசிக்க எனக்குப் பிடிக்கும்.

ஆங்கிலத்தின் 'இவேஷன்' லத்தீனில் தப்பிச் செல்வதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. தப்பி ஓட ஒருவர் போதும். ஏய்ப்பதற்கோ ஏமாறவும் ஒருவர் வேண்டும். இங்கே ஏமாறும் அந்த ஒருவர் வரித்துறை. அது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'வரி' என்பதற்குக் கோடு, எழுத்து வரிசை என்றும் பொருள். சோழர் கல்வெட்டுகளில் 'வரியிலிடுதல்' என்றால் வரிக்கணக்கில் பதிவது. அந்த வேலையைப் பார்த்தது புரவுவரித் திணைக்களம். இலங்கையில் இன்றைக்கும் வரித்துறையின் பெயர் உள்நாட்டு இறைவரித் திணைக்களம்தான், இங்கே நாம் 'டிபார்ட்மென்ட்' என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

சரி, பதிவுக்கும் ஏய்ப்புக்கும் என்ன தொடர்பு? 2011-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது: சம்பளம் போல, கொடுப்பவரே நேராக வரித்துறைக்குத் தெரிவிக்கும் வருமானத்தில் ஏய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, பெறுபவர் தானாகச் சொல்ல வேண்டிய வருமானத்தில்தான் ஏய்ப்பு குவிந்திருந்தது. பணம் கொடுப்பவரே வரியைப் பிடித்துக் கட்டிவிடும் நம் ஊர் டிடிஎஸ்ஸும் இப்படித்தான். மாதச் சம்பளக்காரர் எல்லாரும் யோக்கியர், கடைக்காரர் எல்லாரும் திருடர் என்று இதற்குப் பொருள் கிடையாது. ஒருவருடைய வருமானம் வரியில் ஏறிவிட்டது, மற்றவருடையது ஏறவில்லை, அவ்வளவுதான். எனவே துறையின் திறமையை வசூல் தொகையை மட்டும் வைத்து அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இலக்கை எட்டவேண்டும் என்று ஏற்கெனவே பதிவில் இருப்பவருக்கே திரும்பத் திரும்ப நோட்டீஸ் அனுப்பினால், தொகை கூடலாம், எஸ்டிமேட் தாள் அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், செய்தி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கணக்கை மறைத்தால் ஏய்ப்பு. சட்டத்தின் சந்துபொந்தில் புகுந்து குறைத்தால் வரித் தவிர்ப்பு. கெடு தாண்டியும் கட்டாவிட்டால் பாக்கி. தொழில் நொடித்துப் பாக்கி வைத்தவரையும் 'ஏய்ப்பு' என்று தலைப்பில் போட்டுவிடாதீர்கள், அவர் யாரையும் ஏமாற்றவில்லை.