எட்டு கோயிலுக்கு ஒரு ஐயர்

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவர்களிடையே சேகரம் என்றால் ஒரு கோயில் மட்டும் இல்லை. சேகரத் தலைவராகக் குருவானவர் ஒருவர்; ஊரில் ஐயர் என்பார்கள். அவர் பொறுப்பில் சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்ச் சபைகள். ஒவ்வொரு ஊரிலும் குருப்பட்டம் பெறாத சபை ஊழியர் ஜெபம் நடத்துவார், பிரசங்கம் செய்வார். ஆனால் தென்னிந்தியத் திருச்சபை முறைப்படி திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும், கொடுக்கக் குருப்பட்டம் பெற்றவர்தான் வரவேண்டும். சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

எட்டு சபை உள்ள சேகரத்தில் குருவானவராக எனக்கு முதல் கிறிஸ்துமஸ். விடியற்காலை 3 மணிக்குத் தலைமைக் கோயிலில் ஆராதனை. 5.30-க்கு, 14 வீடு உள்ள கடைசி ஊரில். பெரிய கோயிலில் விளம்பரம் வாசித்து, பொன்னாடை போர்த்தி, கேக் வெட்டி நான் பைக்கை எடுத்துப் போய்ச் சேரும்போது 6.45. பிள்ளைகள் புதுச்சட்டையோடு பாயிலேயே தூங்கிக் கிடந்தார்கள். முன்வரிசைப் பாட்டி ஒருவர் கேட்டார்: "பெரிய ஊருல முடிச்சிட்டு மிச்சத்த எங்களுக்குக் கொண்டு வாரியளா ஐயா?"

வாயடைத்துப் போனேன்.

இப்போதெல்லாம் மூன்று மாத அட்டவணையை முன்கூட்டியே போட்டு, எட்டு கோயில் கதவிலும் ஒரே நாளில் ஒட்டிவிடுகிறேன். அப்புறம் கல்யாணமோ பெரிய மனிதர் வருகையோ, எதற்காகவும் சின்ன ஊரின் நேரத்தில் கை வைப்பதில்லை. சாவுக்கு மட்டும் விலக்கு.

அடுத்தது சபை ஊழியர். நாம் வராத ஞாயிறுகளில் ஊரைத் தாங்குவது அவர்தான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியுஸ் காலத்திலேயே இங்கே ஊர்ச்சபைகள், இன்றைய ஊழியரைப் போன்ற உபதேசியார்கள் தோளில்தான் நின்றன. அப்படிப்பட்டவரை எல்லார் முன்னாலும் கண்டிப்பது, யாரோ போனில் சொன்னதை நம்பி அவர் எடுத்த முடிவை மாற்றுவது, இரண்டையும் நானும் செய்திருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் பேச்சை ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட நேரே என் போனுக்கே வந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வருஷம் பிடித்தது. இப்போது அவர் ஊர் விஷயம் என்றால், "ஊழியரிடம் பேசினீர்களா?" என்பதுதான் என் முதல் கேள்வி.

போன கிறிஸ்துமஸுக்கு 3 மணி ஆராதனையை அந்தக் கடைசி ஊருக்கே வைத்தேன். பெரிய ஊரில் ஒரே முறைப்பாடு. "தலைமைக் கோயில் நாங்களா, அவங்களா?" என்று சேகரக் கமிட்டியில் இரண்டு மணி நேரம் பேச்சு. ஊழியர் ஆராதனையைத் தொடங்கட்டும், திருவிருந்துக்கு நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். இந்த வருஷத்துக்கு இன்னும் பேசி முடிக்கவில்லை.