கீழ்ப்பாக்கம், ஊளம்பாறை, அங்கொடை: ஒரு ஊர்ப்பேரு நமக்குள்ள என்ன வேலை செய்யுது?

போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தாரு, நாகர்கோவில்காரரு, திருவனந்தபுரத்துல படிக்கிறாரு. "அண்ணா, நம்ம பக்கம் யாராச்சும் ஏடாகூடமா பேசினா கீழ்ப்பாக்கம் கேஸான்னு கேப்பாங்க, இங்க ஹாஸ்டல்ல வந்து பாத்தா ஊளம்பாறைங்கிறாங்க, எல்லா இடத்துலயும் இப்படி ஒரு ஊர்ப்பேரு வெச்சிருப்பாங்களா, ஏன்?"னு கேட்டிருந்தாரு. ரெண்டு வரியில பதில் போடலாம்னுதான் உக்காந்தேன், முடியல, இவ்வளவு நீளமாயிடுச்சு.

வெச்சிருக்காங்க தம்பி, எங்க மனநல ஆஸ்பத்திரி இருக்கோ அந்த ஊர்ப்பேருதான். கொழும்புப் பக்கம் அங்கொடை, கோழிக்கோட்டுல குதிரவட்டம், இந்தி பேசுறவங்களுக்கு ஆக்ராவும் ராஞ்சியும். லண்டன்ல 1247ல ஆரம்பிச்ச பெத்லெம் மடம் பின்னாடி மனநல ஆஸ்பத்திரியாகி, அந்தப் பேரு ஜனங்க வாயில பெட்லம்னு மருவி, இன்னைக்கு இங்கிலீஷ்ல கூச்சல் குழப்பத்துக்கே அதான் வார்த்தை. நம்ம சென்னை மனநல ஆஸ்பத்திரி ஆரம்பிச்சது 1794ல, கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது 1871ல. அடையாறுன்னா நிறைய பேருக்கு கேன்சர் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும், ஆனா யாரும் யாரையும் அடையாறு கேஸுன்னு திட்டுறதில்ல. ஏன் இது மட்டும் வசவாச்சு?

கிரேக்கத்துல அடிமைங்க உடம்புல சுட்டுப் போட்ட அடையாளத்துக்குப் பேரு ஸ்டிக்மா, நோய்ப்பேரால ஒருத்தரை ஊரு கீழா பாத்து ஒதுக்குறதுக்கு ஆராய்ச்சிக்காரங்க அந்த வார்த்தையைத்தான் எடுத்தாங்க. தமிழ்ப் புஸ்தகங்கள்ல களங்கம்னு எழுதுறாங்க. ஆனா வீட்டுல நாம சொல்றது வேற, "நாலு பேரு என்ன நினைப்பாங்க". இந்த நாலு பேருலதான் மொத்த விஷயமும் இருக்கு, கொஞ்சம் பொறுமையா பாக்கலாம்.

புரூஸ் லிங்க்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் 1980கள்ல 12 கேள்வி தயார் பண்ணாரு. அதுல "நீங்க என்ன நினைக்கிறீங்க"ன்னு எங்கயும் கேக்கல. மனநல ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தவரை பெரும்பாலானவங்க நெருங்கின நண்பரா ஏத்துப்பாங்களா, தங்களோட குழந்தையைப் பாத்துக்க வேலைக்கு வெப்பாங்களா, இப்படித்தான் கேட்டாரு. அதாவது நம்ம நாலு பேரு கேள்வியேதான். நோய் வந்து சிகிச்சை எடுத்தவங்ககிட்டயும் கேட்டாரு, அந்தப் பக்கமே போகாதவங்ககிட்டயும் கேட்டாரு. ஊரு ஒதுக்கும்ங்கிற நம்பிக்கை ரெண்டு பக்கமும் இருந்துச்சு. ஆனா நோய்ப்பேரு ஒட்டாதவங்களுக்கு அந்த நம்பிக்கையால ஒரு கெடுதலும் இல்ல, அது பாட்டுக்கு மனசோட ஒரு மூலையில கிடக்கு. பேரு ஒட்டினவங்ககிட்ட மட்டும், அந்த நம்பிக்கை எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு மனச்சோர்வும் வேலையில்லாமையும் வருமானக் குறைவும் சேந்து இருந்துச்சு.

இதை நினைச்சுப் பாருங்க. ஆறு ஏழு வயசுல தெருவுல விளையாடும்போது "கீழ்ப்பாக்கம்"னு கத்தி சிரிக்கக் கத்துக்கிறோம், அப்ப அது அடுத்தவனுக்கான சொல்லு, நமக்கு வலிக்காது. முப்பது வருஷம் அது உள்ள கிடக்குது. ஒரு நாள் டாக்டர் நமக்கு ஒரு நோய்ப்பேரு சொல்றாரு, அந்த நிமிஷமே முப்பது வருஷமா சேத்து வெச்சதெல்லாம் நம்ம பேருக்கு மாறிடுது, வெளியில இன்னும் ஒருத்தர்கூட நம்மள ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க.

இதுக்கு முன்னாடியே, 1971ல, அமெரிக்க உளவியலாளர் அமெரிகோ ஃபரினாவோட குழு ஒரு சோதனை பண்ணாங்க, எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் பிடிச்சது இதுதான். மனநல சிகிச்சை எடுத்த ஆட்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு ஒரு புது ஆளோட சேந்து ஒரு வேலை செய்யச் சொன்னாங்க. பாதிப் பேருகிட்ட "உங்க விஷயம் அவருக்குத் தெரியும்"னு சொல்லிட்டாங்க, மீதிப் பேருகிட்ட "நீங்க ஏதோ உடம்புக்கு வைத்தியம் பாத்தவர்னு அவரு நினைச்சிட்டிருக்காரு"ன்னு சொன்னாங்க. நிஜத்துல எதிர்ல இருந்த ஆளுக்கு எதுவுமே தெரியாது, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரிதான் நடந்துக்கிட்டாரு. ஆனா தெரிஞ்சுடுச்சுன்னு நினைச்சவங்களுக்கு அவரு தங்களை மதிக்கலன்னு தோணிச்சு, வேலை கஷ்டமா இருந்துச்சு, செஞ்சதும் மோசமா வந்துச்சு, அதோட வெளியிலருந்து பாத்தவங்களுக்கும் இவங்கதான் பதட்டமா, சரியில்லாத ஆளா தெரிஞ்சாங்க. ஒதுக்குறதுக்கு அங்க யாருமே இல்ல, ஒதுக்கினதோட விளைவு மட்டும் முழுசா வந்து நின்னுச்சு.

சரி, இதுல கலாச்சாரம் எங்க வருது? எங்க குத்தணும்ங்கிறதை அதுதான் முடிவு பண்ணுது. லாரன்ஸ் யாங், ஆர்தர் கிளைன்மன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க சீனர்களை வெச்சு இதை விளக்கினாங்க: எது இல்லேன்னா அந்த ஊர்ல ஒருத்தரை முழு மனுஷரா மதிக்க மாட்டாங்களோ, களங்கம் சரியா அங்க போய் உக்காரும். சீனக் குடும்பங்கள்ல அது வம்சம் தழைக்கிறதும் ஊருக்குள்ள இருக்கிற முகமும், அதாவது மரியாதையும். நம்மகிட்ட? மனநல டாக்டர் சாரதா மேனன் 1984ல சென்னையில தொடங்கின ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்புக்காரங்க நோயாளிகளோட குடும்பத்துக்காரங்ககிட்ட பேசினப்ப திரும்பத் திரும்ப வந்தது கல்யாணம், அக்கம்பக்கத்துல ஒதுக்கிடுவாங்களோங்கிற பயம், வெளிய தெரியாம மறைக்க வேண்டியிருக்கேங்கிற பாரம்.

எனக்கு இதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். பாபநாசம் பக்கம் எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. ஊர்லயே மெடிக்கல் இருந்தும் மாத்திரை வாங்க மாசாமாசம் கும்பகோணத்துக்கு பஸ் ஏறுவாங்க, வீட்டுக்கு வந்ததும் அட்டையிலருந்து ஒவ்வொண்ணா பிதுக்கி எடுத்து கால்சியம் மாத்திரை டப்பாவுல போட்டுட்டு வெறும் அட்டையை அடுப்புல போட்டுடுவாங்க. மகளுக்கு வரன் பாத்துட்டிருந்த நேரம். சர்க்கரை மாத்திரையோ டிவி ஸ்டேண்ட்ல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி கிடக்கும்.

"மூளையில கெமிக்கல் கோளாறு, இதுவும் சர்க்கரை மாதிரி ஒரு வியாதிதான்னு சொல்லிப் புரிய வெச்சா போதாதா"ன்னு கேப்பீங்க, நானும் அப்படித்தான் நம்பினேன். அமெரிக்காவுல 1996லயும் 2006லயும் ஒரே கேள்விகளை வெச்சு ஜனங்ககிட்ட கேட்டுப் பாத்தாங்க, மூளை சம்பந்தப்பட்ட நோய்னு ஒத்துக்கிறவங்க கூடினாங்க, ஆனா பக்கத்துல சேத்துக்க மாட்டேன்ங்கிற எண்ணம் குறையல. நம்ம கல்யாணச் சந்தையில பாத்தா இது இன்னும் ஆபத்து, "மூளையிலேயே கோளாறுன்னா பரம்பரையா வருமே"ன்னுதான் மாப்பிள்ளை வீட்டுல யோசிப்பாங்க.

செய்வினை, பேய்ன்னு குடும்பங்க ஓடுறதுக்கும் இதுல ஒரு காரணம் இருக்குன்னு நினைக்கிறேன். செய்வினைன்னா எவனோ வெளியாள் வெச்சது, எடுத்துட்டா போயிடும், வம்சத்து மேல பழி விழாது, நாலு பேருகிட்ட சொல்லலாம். அதை வெறும் அறியாமைன்னு சொல்லித் தாண்டிப் போறது தப்பு. ஆனா அந்த வழி எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னும் பாத்தோம், 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை ஏர்வாடியில, தர்கா பக்கத்துல மனநோயாளிகளை வெச்சிருந்த காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலியால கட்டி வெச்சிருந்ததால ஓட முடியாம 28 பேரு செத்தாங்க. இன்னைக்கு 2017 மனநலச் சட்டத்துல சங்கிலி போடுறதுக்குத் தடை இருக்கு. மருந்து ஆராய்ச்சிக்கு ஒதுக்குற பணத்துல ஒரு சின்னப் பங்காவது, மக்கள் ஏன் அந்த மருந்தை மறைச்சு வெச்சு சாப்பிடுறாங்கங்கிற ஆராய்ச்சிக்கும் போகணும், இதை நான் எங்க வேணா சொல்லுவேன்.

பேரை மாத்தினா ஏதாச்சும் நடக்குமா? ஜப்பான்ல நடந்துச்சு. இல்லாத குரல் கேக்கிறது, காரணமில்லாத சந்தேகம்னு வர்ற ஸ்கிசோஃப்ரீனியா நோய்க்கு அங்க பழைய பேரு "மனம் பிளந்த நோய்"ங்கிற அர்த்தத்துல இருந்துச்சு. நோயாளிகளோட குடும்பச் சங்கம் கேட்டு, டாக்டர்கள் சங்கம் வருஷக்கணக்கா பேசி, 2002ல மனசோட ஒருங்கிணைப்புல கோளாறுங்கிற மாதிரி புதுப் பேரு வெச்சாங்க. அதுக்கு முன்னாடி 36.7 சதவீத நோயாளிகளுக்குத்தான் அவங்க நோய்ப்பேரையே டாக்டருங்க சொல்லியிருந்தாங்க, மூணு வருஷத்துக்குள்ள அது 69.7 ஆச்சு. பயம் முழுசா போயிடல, ஆனா டாக்டர் வாயாவது தொறந்துச்சு. தென் கொரியாக்காரங்க அடுத்து மாத்தினாங்க, அவங்க புதுப் பேருக்கு தந்தியைச் சுதி சேக்கிறதுன்னு அர்த்தம், எவ்வளவு அழகு பாருங்க, வீணை உடையல, சுதி விலகியிருக்கு, திரும்பச் சேக்கலாம். நாம இன்னும் மனச்சிதைவுன்னுதான் எழுதுறோம். சிதைஞ்சதுன்னு சொல்லிட்டு எந்தக் குடும்பத்தை நம்பிக்கையோட வரச் சொல்றது?

அத்தை மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாச்சு, மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும், கும்பகோணத்துக்கு பல தடவை அவரே வண்டியில கூட்டிட்டுப் போயிருக்காரு. போன மாசம் போயிருந்தப்ப பாத்தேன், மாத்திரை இன்னும் அந்தக் கால்சியம் டப்பாவுலதான் இருக்கு.