குன்னூர்ப் புறாக்களும் ஒரு மாத்திரைப் புட்டியும்

தை மாதத்தில் குன்னூரில் ரத்தம் எடுப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. உறைபனி விழுந்த காலையில் வருகிறவர்களின் நரம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வெந்நீர்ப் பையைக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கச் சொல்லி, முழங்கை மடிப்பைத் தேய்த்துவிட்டு, அதன் பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பேன். இருபது ஆண்டுகளாகப் பரிசோதனைக் கூடத்தில் என் காலைகள் இப்படித்தான் தொடங்குகின்றன.

அப்படி ஒரு காலையில் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்தார். வயது 48. வெந்நீர்ப் பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “மத்தியானத்துக்கு மேல் கூடையைத் தூக்க முடியவில்லை, தங்கச்சி. மேட்டில் நாலு எட்டு வைத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. விடிந்தால் எழுந்திருக்க முடியவில்லை.” மடியில் ஒரு பிளாஸ்டிக் புட்டி இருந்தது. கோவையில் வேலை பார்க்கும் மகன் கைப்பேசியில் தேடி வரவழைத்துக் கொடுத்தது. ‘அட்ரினல் சோர்வு’ என்ற நோய்க்கான மாத்திரையாம். மூன்று வாரமாகச் சாப்பிடுகிறார். “ஏதோ சுரப்பி வேலை செய்து வேலை செய்து களைத்துப் போய்விட்டதாம். அது மறுபடி தேறுமா?”

நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் அந்தப் புட்டியையும் காட்டுங்கள் என்று மட்டும்தான் அப்போது சொல்ல முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. அதே கேள்வியோடு இன்னும் பலர் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அட்ரினல் சுரப்பிகள் இரண்டு. சிறுநீரகம் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் எடை நாலைந்து கிராம். இரண்டு சிறு கரண்டி தேயிலைத்தூள் அளவுதான். இவ்வளவு சிறியதற்குள் இரண்டு தனித்தனிச் சுரப்பிகள் அடங்கியிருக்கின்றன. உள்ளே இருப்பது அகணி. புதர் மறைவில் காட்டெருமையைக் கண்டதும் நெஞ்சு அதிர்ந்து கால் தானாக ஓடுகிறதே, அந்த நொடிக்கான அட்ரினலின் அங்கிருந்து வருகிறது. வெளியே இருப்பது புறணி. உடம்பில் உப்பையும் நீரையும் தக்கவைக்கும் ஆல்டோஸ்டீரோன், ரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் விழுந்துவிடாமல் பிடித்து நிறுத்தும் கார்டிசால், சிறிதளவு ஆண்பால் ஹார்மோன்கள் ஆகியவை புறணியின் வேலை. களைப்பைப் பற்றிய பேச்செல்லாம் கார்டிசாலைச் சுற்றித்தான் நடக்கிறது.

கார்டிசாலைச் சுரப்பி தன் விருப்பத்துக்குச் சுரப்பதில்லை. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் அதன் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது அட்ரினலுக்கு வந்து சேர்ந்ததும் கார்டிசால் ஊறத் தொடங்குகிறது. போதுமான அளவு ஊறியதும் அந்தக் கார்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய், மேலே இருந்து வரும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற ஏற மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடும் அல்லவா, அதே ஏற்பாடு.

இதற்கு ஒரு நாள்கணக்கும் உண்டு. நள்ளிரவில் கார்டிசால் மிகக் குறைவாக இருக்கும். விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கி, நாம் எழுந்திருக்கும் நேரத்தை ஒட்டி உச்சத்தைத் தொடும். பிறகு நாள் முழுவதும் இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் இந்தப் பரிசோதனைக்குக் காலை 8 மணி மாதிரியைக் கேட்கிறோம். மாலை நாலு மணிக்கு யாராவது ரத்தம் கொடுத்தால் எண் குறைவாகத்தான் வரும், அது இயல்பு. அந்த எண்ணைக் காலை அளவோடு ஒப்பிட்டு, சுரப்பி படுத்துவிட்டது என்று கண்கலங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கொழுந்து மிகுந்த பருவத்தில் இரவு முழுவதும் தேயிலை ஆலையில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கடிகாரமே தடுமாறும். அவர்களுடைய அறிக்கையைப் படிக்கும்போது அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். ‘அட்ரினல் சோர்வு’ என்ற சொல்லை 1998இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க மாற்று மருத்துவரான ஜேம்ஸ் வில்சன். கவலை, ஓயாத வேலை, தூக்கமின்மை என்று நெருக்கடி நீண்டுகொண்டே போனால் அட்ரினல் ஈடுகொடுத்து ஈடுகொடுத்துக் கடைசியில் ஓய்ந்துவிடும், கார்டிசால் குறையும், களைப்பு வரும் என்பது அவர் கருத்து. கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. மாடு களைக்கிறது, மனிதன் களைக்கிறான், சுரப்பி ஏன் களைக்கக் கூடாது?

இந்தக் கேள்விக்கு வெகு காலம் முன்பே குன்னூரிலேயே ஒரு விடை கிடைத்திருந்தது. சிம்ஸ் பூங்காவை ஒட்டி 1907இல் தொடங்கிய பாஸ்டர் ஆய்வகத்தில், முதல் உலகப் போர் முடிந்த கையோடு ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் சத்துக்குறைவு நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய சிறு ஆய்வறைதான் பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை நீராவியில் வேகவைத்து, சத்தெல்லாம் போன பிறகு அதை மட்டுமே தீனியாகக் கொடுத்தார். புறாக்கள் மெலிந்தன, கால் தள்ளாடி, கழுத்து முறுக்கிக்கொண்டு விழுந்தன. அவற்றை அறுத்து உறுப்பு உறுப்பாகத் தராசில் வைத்தார். நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது. மண்ணீரல் சுருங்கியிருந்தது. விந்தகமும் சூலகமும் சுருங்கியிருந்தன. அட்ரினல் சுரப்பியோ பெருத்திருந்தது. வெறும் பட்டினி கிடந்த பறவைகளிலும் அதே கதைதான்.

1936இல் ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர் கனடாவில் எலிகளைக் குளிரிலும் காயத்திலும் நஞ்சிலும் வாட்டிப் பார்த்தபோது அவரும் இதையே கண்டார்: தைமஸ் சிறுத்தது, அட்ரினல் பெருத்தது. நெருக்கடியின் கடைசிக் கட்டத்துக்கு அவர் ‘ஓய்ந்துபோதல்’ என்று பெயரிட்டார். அது உடம்பு முழுவதையும் பற்றிச் சொன்ன சொல். பின்னால் வந்தவர்கள் அதைச் சுரப்பியின் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெருப்பதற்குக் காரணம் எளிமையானது. பிட்யூட்டரி அனுப்பும் ஏ.சி.டி.எச். அட்ரினலுக்குக் கட்டளை மட்டுமல்ல, தீனியும்தான். கட்டளை மிகுந்தால் புறணியின் செல்கள் பெருகி, சுரப்பி தடிக்கிறது. கட்டளை நின்றால் மெலிகிறது. ஆகவே அட்ரினல் வேலை மிகுந்ததால் கெடுவதில்லை. வேலையே கொடுக்காமல் கிடத்தி வைத்தால் கெடும்; அல்லது ஏதாவது ஒரு நோய் அதை அரித்துத் தின்றால் கெடும். 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் இது குறித்து வெளிவந்த 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அட்ரினல் சோர்வு என்ற ஒன்று இருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டியும் அதையே சொல்கிறது.

உண்மையிலேயே கெட்டுப்போன அட்ரினலை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சரக்கு வண்டி ஓட்டிய ஒரு பெரியவர். எடை சரசரவென்று குறைந்திருந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார். ஊறுகாயைக் கரண்டி கரண்டியாகத் தின்கிறார் என்று அவர் மனைவி குறைபட்டார். முகம் கறுத்திருந்தது, மலை வெயில் என்று நினைத்திருந்தார்கள். ரத்தம் எடுக்கக் கையைத் திருப்பினேன். உள்ளங்கை ரேகைகள் மையால் வரைந்ததுபோல் கறுத்திருந்தன. உள்ளங்கை மடிப்புக்குள் எந்த வெயில் போகும்? அவருடைய ஈறுகளிலும் கருந்திட்டு இருந்தது.

லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் எழுதிவைத்த நோய் அது. சுரப்பி அழிந்துவிட்டதால் மேலிருந்து கட்டளை ஓயாமல் வருகிறது. ஏ.சி.டி.எச். பிறக்கும் அதே தாய்ப் புரதத்திலிருந்துதான் தோலுக்கு நிறமேற்றும் ஹார்மோனும் பிறக்கிறது. கட்டளை பெருகப் பெருகத் தோல் கறுக்கிறது. ஆல்டோஸ்டீரோன் இல்லாததால் உப்பு சிறுநீரில் போய்விடுகிறது, அதனால்தான் ஊறுகாய். அடிசன் பார்த்த நோயாளிகள் பலருக்கு அட்ரினலை அழித்தது காசநோய். நம் நாட்டில் இன்றும் அது முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்தப் பெரியவரும் பல ஆண்டுகளுக்கு முன் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்.

அவருடைய காலை 8 மணிக் கார்டிசால் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தது. அந்த எண்ணே ஏறக்குறைய முடிவைச் சொல்லிவிடும். இருந்தாலும் செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராமை ஊசியில் செலுத்தி, அரை மணியிலும் ஒரு மணியிலும் மறுபடி ரத்தம் எடுத்தோம். நலமான சுரப்பி இந்த ஊசிக்குத் துள்ளி எழும். அவருடையது அசையவில்லை. இன்று மாத்திரையாகவே அந்த ஹார்மோன்களை எடுத்துக்கொள்கிறார். காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும் என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

சுரப்பியைக் கிடத்திப் போடுவது இன்னொரு வகை. இந்த மலையில் நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான். மூட்டுவலிக்கும் குளிர்கால இளைப்புக்கும் சீட்டில்லாமல் வாங்கும் சின்ன மாத்திரைகள், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடிகள் ஆகியவற்றில் ஸ்டீராய்டு இருப்பது உண்டு. ஸ்டீராய்டும் கார்டிசாலும் ஒரே குடும்பம். வெளியிலிருந்து தினமும் வந்து சேர்ந்தால் மூளை, தொட்டி நிறைந்திருக்கிறது என்று எண்ணிக் குழாயை மூடிவிடும். வாரக்கணக்கில் கட்டளை வராத அட்ரினல் மெலிந்துவிடும். அப்புறம் ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோகும், அல்லது யாரோ சொன்னார்கள் என்று சட்டென்று நிறுத்துவார்கள். வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகும். ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இளைப்புக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து அதை நிறுத்திவிடாதீர்கள். அதன் வழியே உடம்புக்குள் போகும் அளவு பொதுவாக மிகக் குறைவு.

அக்காவின் புட்டியைப் பார்த்ததும் எனக்கு ஏன் பதறியது என்று இப்போது புரியும். அமெரிக்காவில் அட்ரினலுக்கு வலுவூட்டுவதாகச் சொல்லி விற்ற 12 மாத்திரை வகைகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பலவற்றில் ஸ்டீராய்டும் இருந்தது. முதல் சில நாள் தெம்பு வந்ததுபோல் தோன்றினால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். களைத்ததாகச் சொன்ன சுரப்பியைத் தேற்ற வந்த மருந்தே அதை முடக்கிவிடக்கூடும். அக்கா சாப்பிட்டதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் மருத்துவர் முதலில் காலைக் கார்டிசால் எழுதினார். அக்கா தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தார். 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் அளவு 14 இருந்தது. சுரப்பி நலமாக இருந்தது.

அவருடைய களைப்பும் உண்மை. அதன் காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஹீமோகுளோபின் 7.8, இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ரத்தம் ஏற்றிச் செல்லும் ஆக்சிஜன் குறைந்தால் மேட்டில் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அக்கா சொன்ன படபடப்பு அதுதான். இந்த மலையில் களைப்பு என்று யார் வந்தாலும் தைராய்டைப் பார்க்க வேண்டும். சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தூக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றிக் கேட்க வேண்டும். பழங்குடிக் குடும்பத்தினர் என்றால், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை ரத்தசோகைக்கான அரிவாள் செல் சோதனையும் தேவை. இந்தியாவில் அந்த மரபுக்கூறு பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று 1952இல் நீலகிரி மக்களிடமிருந்து கிடைத்ததுதான். அந்த வகை ரத்தசோகைக்கு, சோதித்துப் பார்க்காமல் இரும்பு மாத்திரை கொடுக்கக் கூடாது.

அக்காவுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் அசையவே இல்லை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “காலையில் டீயோடு போட்டுக்கொள்கிறேன்” என்றார். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும். பால் இல்லாத கடும் டீ, ஒரு நாளைக்கு ஆறு டம்ளர், அதோடு மாத்திரையும். மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையைப் படுக்கும் முன் எலுமிச்சைச் சாற்றோடு என்று மாற்றிக்கொண்டார். டீக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட்டார்.

சித்திரையில் வந்தபோது 10.6. கூடையைத் தூக்க முடிகிறது என்றார். ஆனால் இரும்பு ஏன் தீர்ந்தது என்ற கேள்வி மிச்சமிருந்தது. இரண்டு ஆண்டுகளாக மாதவிலக்கில் ரத்தப்போக்கு மிகுதி; யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஊட்டியில் கர்ப்பப்பை ஸ்கேன். அன்றைக்குக் கூலி போய்விடும். மகன் முந்தின நாள் இரவே கோவையிலிருந்து வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறானாம்.