வேட்டுச் சத்தம் ஏன் பழகுவதில்லை?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்க பெரியப்பா கார்கில் சண்டையில் இருந்தவருங்க. மாரியம்மன் நோம்பிக்கு அதிர்வேட்டு போட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஏனென்று கேட்டால் எரிந்து விழுகிறார். ‘இவரெல்லாம் என்ன மிலிட்டரி’ என்று ஊரில் சிரிக்கிறார்கள். பீரங்கிச் சத்தத்திலேயே இருந்தவருக்கு இத்தனை வருஷத்தில் வேட்டு பழகியிருக்க வேண்டாமுங்களா?”

அந்தக் கடைசிக் கேள்விக்குள் ஒரு அருமையான அறிவியல் இருக்கிறது.

மூளையின் அபாயமணியான அமிக்டலா, அட்ரினலின், படபடக்கும் நெஞ்சு இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். காதில் விழும் சத்தம், புலன்களின் சேதியைப் பிரித்தனுப்பும் மூளைப் பகுதியான தலாமஸிலிருந்து குறுக்குவழியில் நேராக அமிக்டலாவுக்குப் போய்விடும். ‘இது கோயில் வேட்டு’ என்று பெருமூளை இனம் கண்டு சொல்வது சுற்றுவழி. அந்தச் சேதி வருவதற்குள் உடம்பு பதுங்கிவிட்டிருக்கும். 1999-ல் கார்கில் சண்டை நடந்த திராஸ் மலையில் அந்தப் பதுங்கல்தான் ஆளைக் காப்பாற்றியது.

சரி, பழகுவது? ஓர் ஒலியோடு லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால் எலி அந்த ஒலிக்கே உறைந்து நிற்கும். பிறகு அதை வேறொரு கூண்டில் விட்டு, அதிர்ச்சி தராமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால் பயம் அடங்கிவிடும். அழிந்துவிட்டதா? பழைய கூண்டுக்குக் கொண்டுபோய் அதே ஒலியைப் போட்டுப் பாருங்கள். மறுபடி உறைந்து நிற்கும்! பயத்தின் நினைவு அப்படியே இருக்க, ‘இங்கே ஆபத்தில்லை’ என்ற இரண்டாவது பாடம்தான் மேலே ஏறியிருக்கிறது. தடப்பள்ளி வாய்க்காலில் மதகை இறக்கியதுபோல, நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதி பயத்தை அடைத்து வைக்கிறது. தண்ணீர் பின்னால் நிற்கத்தான் செய்கிறது. எந்த இடத்தில் மதகை இறக்குவது என்று சொல்வது, இடத்தை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ். எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது இதுதான்: பயம் எங்கே போனாலும் கூடவே வரும், ஆபத்தில்லை என்ற பாடமோ படித்த இடத்திலேயே தங்கிவிடும்.

அந்தப் பாடம் ஏறவேண்டுமானால், சத்தம் கேட்டு ஒன்றும் ஆகாமல் முடியும்வரை அங்கேயே இருக்கவேண்டும். பெரியப்பா முதல் வேட்டிலேயே உள்ளே போய்விடுகிறார். ‘உள்ளே வந்ததால் தப்பித்தோம்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. ஒவ்வொரு நோம்பிக்கும் இதே கணக்கு.

போருக்குப் போன எல்லோருக்கும் இந்த மாதிரிப் பாதிப்பு (இன்றைய பெயர் பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) வருவதில்லை. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்க வீரர்களையும், போருக்கே போகாத அவர்களுடைய ஒரே கரு இரட்டையர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வெளியானது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வீரர்களுக்கு ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருந்தது. வீட்டிலிருந்த சகோதரருக்கும் அப்படியே! போர் அதைச் சுருக்கியது என்பதைவிட, பிறவியிலேயே சிறியதாக இருந்தவர்கள் எளிதில் பாதிக்கப்பட்டார்கள் என்பதற்கே அது சாட்சி. அண்ணன் பட்டாளத்துக்கும் தம்பி பண்ணையத்துக்கும் என்று போன குடும்பங்கள் நம் பக்கம் எத்தனை! அவர்களை வைத்து நீண்டகால ஆய்வு நடத்தப் பணம் ஒதுக்கினால் நன்றாயிருக்கும்.

ஊர்ச் சிரிப்புக்கு வருகிறேன். இப்படிப்பட்டவரைக் கோழை என்பது புதிதல்ல. முதல் உலகப் போரில், களத்தைவிட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு கிடைத்தது. இந்தப் பாதிப்பு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இன்றைய பெயரோடு ஏறியதே 1980-ல். பார்ப்பவருக்குச் சூழ்நிலை தெரியாது, நடத்தைதான் தெரியும். ஒரு கட்டுரையை ஒருவர் உத்தரவுப்படி எழுதினார் என்று சொன்ன பிறகும், அது எழுதியவரின் சொந்தக் கருத்தென்றே வாசித்தவர்கள் நினைத்ததாக 1967-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. விவரம் தெரிந்தவர்களே அப்படி என்றால், திராஸைப் பார்க்காத ஊரைச் சொல்லி என்ன?

இன்னொரு கூட்டம் ‘காத்துக் கருப்பு’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும். கயிறு கட்டுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் வருஷக்கணக்கில் அதையே நம்பி மருத்துவரிடம் போகாமல் இருப்பது எனக்குக் கோபம் வரவழைக்கிறது.

சிகிச்சையும் அந்த எலிப் பாடத்தை ஒட்டியதுதான். பயிற்சி பெற்ற நிபுணர் துணையோடு, தாங்கக்கூடிய அளவில் தொடங்கி, பல இடங்களில் வைத்துப் பழக்குவார்கள். வீட்டில் நீங்களாகப் பட்டாசு வெடித்துச் சோதிக்காதீர்கள். இந்த வருஷம் பூச்சாட்டு முடிந்ததும் கமிட்டிக்காரர்களிடம் வேட்டு நேரத்தைக் கேட்டுப் பெரியப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்த்த சத்தத்துக்குத் திடுக்கிடல் கொஞ்சம் குறையும். அவர் சம்மதித்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416-ஐக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.