முப்பது டப்பா ஸ்வீட்டும் ஒரு வார்த்தையும்

ஆயுத பூஜை தொடங்கித் தீபாவளி முடியும் வரை கம்பத்தில் என் மனநல ஆலோசனை அறைக்கு வருகிறவர்கள் பேச்சில் கொடுக்கல் வாங்கல் கணக்கு எப்படியும் வந்துவிடும். யாருக்கு என்ன வாங்குவது, போன வருஷம் கொடுத்ததற்கு என்ன மரியாதை கிடைத்தது என்று.

ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் அம்மா, தூக்கம் வரவில்லை என்று வந்தார். "எவ்வளவு செஞ்சாலும் யாருக்கும் விசுவாசம் இல்ல மேடம். போன தீபாவளிக்கு தோட்டத்துல வேலை செய்யறவங்களுக்கு முப்பது சேலை, முப்பது டப்பா ஸ்வீட். ஒருத்தி முகத்துல சிரிப்பு இல்ல."

"அந்த முப்பது பேர்ல யாருக்கு எந்த வேலை நல்லா வரும்?" என்று கேட்டேன். சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் ஒரு பெண்ணைப் பற்றி ஆரம்பித்தவர் பத்து நிமிடம் நிறுத்தவில்லை. ஏலக்காய் காய்க்கும் சரம் செடியின் தூரிலிருந்து தரையோடு படர்ந்து கிடக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். அந்தப் பெண் எடுத்துப் போன வரிசையில் ஒரு பிஞ்சு உதிர்ந்து கிடக்காதாம்.

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"சொன்னா கூலி கூடக் கேப்பாங்களே."

கேட்கட்டும் என்றேன். கேட்டால் அது நியாயமான பேச்சுதான்.

சொல்லத் தயங்குவது அவர் ஒருவர் மட்டுமல்ல. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சிலரை நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். படிப்பவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்த அளவுக்குச் சங்கடம் இருக்கவில்லை. மகிழ்ச்சியோ அவர்கள் கணித்ததைவிட அதிகம். நாம் தயங்கி விழுங்கிவிடும் வார்த்தைதான் எதிரில் இருப்பவருக்குப் பெரிதாகப் போய்ச் சேருகிறது.

கொடுப்பதிலும் அப்படித்தான். உளவியல் ஆய்வாளர் எலிசபெத் டன் குழுவினர் 2008இல் சிலருக்கு 5 டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்து, மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். அடுத்தவருக்காகச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பதால் வித்தியாசம் வரவில்லை. வட்டிக்கு வாங்கிச் சீர் செய்துவிட்டுத் தை மாதம் வரை தூக்கம் கெடுகிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

போனஸை இதோடு சேர்க்காதீர்கள். அதற்கான சட்டம் பொருந்தும் இடங்களில் சம்பளத்தில் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். அது உழைப்புக்குச் சேர வேண்டிய பணம், அன்பளிப்பு ஆகாது. அதையும் தீபாவளிக்கு முந்தின நாள் இருட்டியபின் கொடுத்தால், பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேலை செய்த பெண் எந்தக் கடைக்குப் போவாள்?

இன்னொன்று. மனச்சோர்வில் இருப்பவரிடம் "உனக்கு என்ன குறை, இருக்கிறதை நினைச்சு சந்தோஷப்படு" என்று சொல்லாதீர்கள். நன்றி உணர்வு சிகிச்சைக்கு மாற்று கிடையாது. அந்தச் சொல் அவர்களுக்குக் குற்ற உணர்வைத்தான் கூட்டும். பக்கத்தில் உட்காருங்கள், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416க்கு அழைக்க உதவுங்கள். அது இலவசம், தமிழிலும் பேசலாம். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அங்கே நான்கு அதிரசத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு வந்தாலே போதும்.

அந்த அம்மா அடுத்த சனிக்கிழமை, சம்பளம் போடும்போது வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப் பக்கத்தில் வைத்தே அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லியிருக்கிறார். தூக்குவாளியோடு ஏறப்போன பெண் அப்படியே நின்றுவிட்டாளாம். "என் கை வேலையை நீங்க பார்த்தீங்கன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றாளாம்.

இப்போது சம்பள நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வரி எழுதிவருகிறார். போன வாரம் கொண்டுவந்து காட்டினார். பத்தொன்பது பேருக்கு எழுதியாயிற்று. மீதிப் பதினொரு பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க, தினமும் காலையில் ஜீப் வரும் நேரத்துக்கே தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்.