முகில்திரட்டியும் முகிலூர்வோனும்

ஹோமரின் இலியட் காவியத்தில் கிரேக்கரின் தலைமைக் கடவுளான ஸீயஸின் பெயரோடு அடிக்கடி ஓர் அடைமொழி ஒட்டிக்கொண்டு வரும்: நெஃபெலேகெரெத்தா. 'நெஃபெலே' என்றால் மேகம். 'அகெய்ரோ' என்றால் கூட்டுகிறேன், திரட்டுகிறேன். இதை 'மேகங்களின் அதிபதி' என்று பெயர்த்தால் வினை செத்துவிடும். அதிபதி சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஸீயஸ் வேலை செய்கிறவர். மக்கள் கூடும் பொதுவெளிக்குக் கிரேக்கர் வைத்த 'அகொரா' என்ற பெயரும் இதே வினையில் பிறந்ததுதான். ஊரைக் கூட்டுவதுபோல அவர் மேகத்தைக் கூட்டுகிறார். நாமும் 'மேகம் திரண்டு வருது' என்றுதானே சொல்கிறோம்? முகில்திரட்டி என்பதே பொருத்தம்.

இந்தத் திரட்டலைச் சடங்காகவே செய்திருக்கிறார்கள். கிரேக்கத்தின் ஆர்க்காடியா பகுதியிலுள்ள லிகாயோன் மலையில் ஹக்னோ என்றொரு ஊற்று. நீண்ட வறட்சி வந்தால் ஸீயஸின் பூசாரி கருவாலிக் கிளையொன்றை அதன் நீர்மேல் படவிட்டு அசைப்பாராம். ஆவிபோல் மூடுபனி எழும்பி மேகமாகும். அது மற்ற மேகங்களையும் தன்னிடம் இழுத்து மழையாகும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பயணி பவுசானியாஸ் எழுதிவைத்த செய்தி இது. ஆனால் அதற்கு வெகுமுன்பே, கி.மு. 423இல், அரிஸ்டோஃபனீஸின் நகைச்சுவை நாடகத்தில் வரும் சாக்ரடீஸ் குறும்பாகக் கேட்டுவிட்டார்: மேகமே இல்லாமல் ஸீயஸ் என்றைக்காவது மழை பெய்வித்ததுண்டா?

எபிரேயத்தில் வினை வேறு. விவிலியத்தின் துதிப்பாடல்களான சங்கீதங்களில், 68ஆம் சங்கீதத்தில் கடவுளுக்கு 'ரோக்கேவ் பா-அராவோத்' என்று ஒரு பெயர். 'ரோக்கேவ்' ஏறிச் செல்பவர். சிக்கல் 'அராவோத்'தில்தான்: எபிரேய வழக்கில் அது வறண்ட சமவெளி, பாலை. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929இல் தொடங்கிய அகழாய்வில் எபிரேயத்துக்கு உறவான பழைய உகாரித்து மொழிக் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் புயல் தெய்வமான பாகாலுக்கு 'மேகங்களை ஊர்பவன்' என்ற பட்டம் இருந்தது. அங்கே மேகத்தைக் குறிக்கும் சொல்லில் பகரம். எபிரேயத்தில் அந்த இடத்தில் வகரம். இரண்டும் ஒரே பட்டம்தான் என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். பாலை என்றே வாசிப்போரும் உண்டு. எனக்கு முன்னதே சரியாகப் படுகிறது, ஏனெனில் 104ஆம் சங்கீதம் மேகங்களையே அவருடைய தேராக்குகிறது. விவிலியத்தின் ஏசாயா நூலில், 19ஆம் அதிகாரத்தில், அவர் விரைவான மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருகிறார். பாகாலின் பட்டத்தைப் பறித்து எபிரேயர் தம் கடவுளுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

தமிழில் இதற்கு 'ஊர்' என்ற பழைய வினை தயாராக இருக்கிறது. ஊர்தி பிறந்ததும் அதிலிருந்துதான். முகிலூர்வோன் எனலாம். மேகவாகனன் என்ற சொல்லும் கையில் உண்டு, ஆனால் அது இந்திரனின் பெயர். சங்கீதத்தில் அதைப் போட்டால் பின்னாலேயே ஐராவதமும் வந்து நிற்கும்.