ஓட்டையை அடைக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது?

கணினி விளையாட்டுகளை உருவாக்க அடித்தளமாக இருக்கும் மென்பொருளான கேம் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும்போது சிறு குழுக்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. கிராபிக்ஸ் எப்படி வரும், எந்த மொழியில் நிரல் எழுத வேண்டும், வருமானத்தில் எவ்வளவு பங்கு கேட்பார்கள். எஞ்சின் நிரலராக வேலை செய்யும் எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படும் கேள்வி ஒன்று உண்டு. விளையாட்டு வெளியாகிச் சில ஆண்டுகள் கழித்து அதற்குள் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் உரிமை யாரிடம் இருக்கும்? பதில் உரிம ஒப்பந்தத்தில் இருக்கிறது. உரிமத்தை வழக்கறிஞரின் வேலை என்றும், பாதுகாப்பை வேறு யாருடைய வேலையோ என்றும் பிரித்துவைத்துவிடுவதால் இந்தக் கேள்வியை யாருமே எழுப்புவதில்லை.

2025 அக்டோபரில் யூனிட்டி எஞ்சினைத் தயாரிக்கும் நிறுவனம் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. 2017.1 பதிப்பிலிருந்து அந்த எஞ்சினில் உருவான விளையாட்டுகளில் ஓர் ஓட்டை இருந்தது. விளையாட்டைத் தொடங்கும்போது தரப்படும் கட்டளைவரி அளவுருக்கள் (கூடுதல் அறிவுறுத்தல்கள்) வழியாக, தாக்குபவர் தம்முடைய நூலகக் கோப்பு (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) ஒன்றை ஏற்றவைக்க முடியும். விளையாட்டுக்கு என்னென்ன அனுமதிகள் உண்டோ அத்தனையும் அவருக்கும் கிடைத்துவிடும். திருத்திய பதிப்புகளோடு, விளையாட்டை மறுபடி பில்ட் செய்ய (நிரலிலிருந்து இயங்கும் கோப்பாகக் கட்ட) முடியாதவர்களுக்காக, ஏற்கெனவே வெளியான கோப்பையே திருத்தும் கருவி ஒன்றையும் யூனிட்டி கொடுத்தது. பொறுப்பான செயல், பாராட்ட வேண்டியது. ஆனால் அந்தக் கருவியை யாராவது இயக்க வேண்டும். திருத்திய ஆண்ட்ராய்டு கோப்பை, தயாரிப்பாளரின் இரகசியச் சாவியால் மறுபடி டிஜிட்டல் கையொப்பமிட வேண்டும். ஸ்டுடியோவை மூடிவிட்டவர்களின் கையொப்பச் சாவி இன்று யாரிடம் இருக்கிறது? விளையாட்டு மட்டும் மக்களின் கருவிகளில் அப்படியே இருக்கிறது.

இதே நிறுவனம் 2023 செப்டம்பரில் எடுத்த முடிவைப் பலர் பணப் பிரச்சினையாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். விளையாட்டு எத்தனை முறை நிறுவப்படுகிறது என்பதைப் பொறுத்து, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டியவர்களிடம் கட்டணம் வாங்கப்போவதாக அறிவித்தார்கள். ஏற்கெனவே வெளியான விளையாட்டுகளும் அதில் அடங்கும் என்றார்கள். கடும் எதிர்ப்பு எழுந்தது. பத்தே நாட்களில், 2024இல் வரவிருந்த நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மாறுபவர்களுக்கு மட்டுமே கட்டணம் என்று திருத்தினார்கள். 2024 செப்டம்பரில் திட்டம் முழுவதுமாகக் கைவிடப்பட்டது.

அந்தத் திருத்தம் எல்லோருக்கும் நிம்மதியைத் தந்தது. எனக்கோ அதுதான் கவலை அளித்தது. பாதுகாப்பைப் பற்றி நாங்கள் ஓயாமல் சொல்லும் முதல் அறிவுரை, புதிய பதிப்புக்கு மாறுங்கள் என்பது. பழைய பதிப்பிலேயே இருந்தால் செலவு மிச்சம் என்று உரிம விதி சொன்னால், எந்தத் தயாரிப்பாளர் மாறுவார்? ஓர் உரிமத்தைப் படிக்கும்போது, புதுப்பிப்பவருக்கு அபராதம் விதிக்கும் விதி எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று நான் தேடிப் பார்ப்பது இதனால்தான்.

அன்ரியல் என்ற இன்னொரு எஞ்சினின் மூலநிரலை (நிரலர்கள் எழுதிய வரிகளை) உரிமம் பெற்றவர் பார்க்கலாம், தம் விளையாட்டுக்காக மாற்றலாம். அதனால் ஓட்டையை அவரே அடைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அந்த எஞ்சின் நிரலை அவர் பொதுவெளியில் வெளியிட முடியாது. மூலநிரல் கண்ணில் படுவதும் திறந்த மூலமும் (யாரும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது) ஒன்று என்று எண்ணுபவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்.

கோடாட் எஞ்சின் 2014இல் எம்.ஐ.டி என்ற தளர்வான திறந்த மூல உரிமத்தில் வெளியானது. பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்த்துவிட்டால் எதையும் மாற்றலாம், விற்கலாம், மூடியும் வைத்துக்கொள்ளலாம். கொடுத்த உரிமையைப் பிறகு யாரும் திரும்பப் பெற முடியாது. நான் விரும்பும் உரிமம் இது. ஆனால் அதே உரிமம், மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை என்றும் தெளிவாகச் சொல்கிறது. திருத்தும் உரிமை உங்களுடையது என்றால் திருத்தும் பொறுப்பும் உங்களுடையதே. 2021 டிசம்பரில் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் லாக்4ஜே நூலகத்தின் ஓட்டை வெளிவந்தபோது, மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரியைத் தட்டியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. அந்த நூலகம் திறந்த மூலம்தான். அதன் மூலநிரல் எல்லார் கண்முன்னும் பல ஆண்டுகள் இருந்தது. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தில் ஒருவர் திட்டமிட்டுப் பின்கதவு (இரகசிய நுழைவழி) வைத்திருந்ததை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் கண்டுபிடித்தார். உள்நுழைவு அரை விநாடி தாமதமானதைக் கவனித்து அவர் விடாமல் தோண்டியதே அதற்குக் காரணம். திறந்திருக்கும் நிரலையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

எங்கள் துறையில் உண்மையான ஆபத்து எஞ்சினின் பெயரில் இல்லை, அதன் வயிற்றுக்குள் கிடக்கும் நூலகங்களில் இருக்கிறது. படத்தைத் திறக்க ஒன்று, எழுத்துருவுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று நகலெடுத்து ஒரு கோப்புறையில் போட்டிருப்பார்கள். எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, நடுவில் யார் என்ன மாற்றினார்கள் என்ற குறிப்பு இருக்காது. 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வடிவத்திலுள்ள படங்களைத் திறக்கும் நூலகத்தில் கடுமையான ஓட்டை வெளிவந்தது. பிரவுசர்கள் விரைவாகத் திருத்திக்கொண்டன. தன் எஞ்சினில் அந்த நூலகம் இருக்கிறதா என்றே தெரியாதவர் எதைத் திருத்துவார்?

கோடாட் திட்டத்தின் வெளி நூலகக் கோப்புறையில் ஒரு ரீட்மீ கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு நூலகத்துக்கும் மூல முகவரி, பதிப்பு, உரிமம், எடுத்துக்கொண்ட கோப்புகள் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வழக்கத்தை அப்படியே பின்பற்றுங்கள். நன்றிப் பட்டியலில் உரிமக் குறிப்புகளைச் சேர்க்கவும், ஓட்டை அறிவிப்பு வந்தால் உடனே சரிபார்க்கவும் அந்த ஒரே கோப்பு போதும்.

எல்.ஜி.பி.எல் என்ற திறந்த மூல உரிமத்தைப் பலர் தொல்லை என்று ஒதுக்குகிறார்கள். பயனர் அந்த நூலகத்தை மாற்றிப் பொருத்திக்கொள்ள வழிவிட வேண்டும் என்று அது கேட்கிறது. ஸ்டுடியோ மறைந்த பிறகும் பயனரே பழுதில்லாத நூலகத்தைப் பொருத்த முடியும் என்பதே அதன் பொருள். விளையாட்டின் திரை, ஒலி, உள்ளீடு ஆகியவற்றைக் கையாளும் எஸ்.டி.எல் நூலகம் இரண்டாம் பதிப்பில் எல்.ஜி.பி.எல்லை விட்டுத் தளர்வான ஸிலிப் உரிமத்துக்கு மாறியது. ஆனாலும் விளையாட்டுக்குள்ளேயே இணைத்துக் கட்டப்பட்டிருந்தால்கூட, இயங்குதளத்தில் அமைக்கும் ஒரு சூழல் மாறியின் மூலம் வேறொரு பிரதியைப் பயன்படுத்தும் வசதியை வைத்திருக்கிறார்கள். உரிமம் கட்டாயப்படுத்தாதபோதும் பயனரை நினைத்துச் செய்த வேலை அது.

1999இல் வெளியான குவேக் 3 விளையாட்டின் எஞ்சினை 2005இல், மாற்றிப் பகிர்பவரும் மூலநிரலைத் திறந்துவைக்கக் கேட்கும் ஜி.பி.எல் உரிமத்தில் வெளியிட்டார்கள். அதிலிருந்து பிறந்த ஐஓகுவேக்3 திட்டத்தின் தன்னார்வலர்கள், கோப்புகளைத் தானாகப் பதிவிறக்கும் பகுதியில் இருந்த ஓட்டை ஒன்றை 2017இல் அடைத்தார்கள். விளையாட்டு வெளியாகி 17 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தன.

உங்கள் எஞ்சினையும் ஒருநாள் இப்படித் திறந்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தால், முதல் நாளே யோசியுங்கள். டூம் விளையாட்டின் மூலநிரல் 1997 டிசம்பரில் வெளியானபோது டாஸ் இயங்குதளத்துக்கான பதிப்பைத் தர முடியவில்லை. அதிலிருந்த ஒலி நூலகம் வேறொருவருடையது. அதனால் லினக்ஸ் பதிப்பைத்தான் கொடுத்தார்கள். விலை கொடுத்து வாங்கும் மூடிய நூலகங்களைத் தனிப் பகுதியாக ஒதுக்கி, உங்கள் சொந்த இடைமுகம் வழியாக மட்டும் அழையுங்கள். அவை இல்லாமலும் எஞ்சின் பில்ட் ஆகி, ஒலியே இன்றியாவது ஓடுகிறதா என்பதை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் சோதித்துப் பாருங்கள்.